நாயைக்கூட நடிச்சாங்க

இந்த பஸ் காரியாபட்டி ஊருக்குள்ள போகும்லம்மா? கண்டக்டர் போகும்னுதான் சொன்னாரு. ஆனா சொல்லும்போது வேற எங்கயோ பாத்துக்கிட்டுச் சொன்னாரு. அதான் யோசனையா இருக்கு. போன மாசம் இப்படித்தான் ஒருத்தன் போகும் போகும்னு ஏத்திக்கிட்டு வந்து, பைபாஸ்ல பாலத்துக்கு அடியில இறக்கி விட்டுட்டான். உச்சி வெயில்ல ஊருக்குள்ள நடந்தேன். அதுல இருந்து டிரைவர்கிட்ட ஒரு தடவை, கண்டக்டர்கிட்ட ஒரு தடவை, உக்காந்திருக்கிறவங்ககிட்ட ஒரு தடவை கேட்டுக்கிறது. எல்லாம் ஒண்ணு போல வந்தா நம்பலாம்.

போகும்கிறீங்க. சரி.

அந்தப் பையை மடியில வச்சுக்கோங்க, கால்கிட்ட வேண்டாம். பின்னாடி சீட்டுல ஒருத்தன் தூங்குற மாதிரி வர்றான் பாருங்க. நிசமாத் தூங்குறவனுக்கு வாய் திறந்திருக்கும். இவனுக்கு மூடியிருக்கு.

ஏம்மா, ஏன் என்னைய அப்படி உத்துப் பாக்குறீங்க? தெரிஞ்ச மூஞ்சியா? இல்லைல்ல? அப்பப் பாக்காதீங்க. தப்பா நினைக்காதீங்க, யாராச்சும் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா எனக்கு ஆகாது. நான் பாட்டுக்குப் பேசுறேன், நீங்க கீழ பாத்துக்கிட்டுக் கேளுங்க. காது தானே கேக்குது, கண்ணா கேக்குது? ஆங், அப்படித்தான். நல்ல பிள்ளை.

ஆமா, டீச்சர்தான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க? பேச்சுல தெரியுதா? பேரு இந்திராணி. அருப்புக்கோட்டையில ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. எந்தப் பள்ளினு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். நீங்க யாரு, யாருக்குச் சொந்தம்னு எனக்கு என்ன தெரியும்? வரலாறு எடுக்குறேன். எச்.எம். அம்மாவுக்கு அடுத்தபடி நான்தான், ஏ.எச்.எம். வர்ற மே மாசத்தோட ரிட்டயர்மெண்ட்.

இப்ப பாளையம்பட்டியில ஒரு பொண்ணு வீட்டுக்குப் போயிட்டு வர்றேன். எதுக்குப் போனேன்னு சொன்னா சிரிப்பீங்க. சிரிக்க மாட்டேன்னு சொல்லுங்க, சொல்றேன்.

சரி. ஆரம்பத்துல இருந்து சொன்னாத்தான் யாரு மேல தப்புனு தெரியும்.

எங்க ஸ்கூல் ஆண்டு விழா கலை நிகழ்ச்சி பூராவும் முன்னாடி என் பொறுப்பு. கடவுள் வாழ்த்து, வரவேற்பு நடனம், கோலாட்டம், கடைசியா ஒரு நாடகம். புகை பிடிக்கக் கூடாதுன்னு நாடகம். வருஷா வருஷம் அதே நாடகம்தான். அப்பா வேஷம் போட்ட பிள்ளை இருமி இருமிச் சாகும், அம்மா வேஷம் போட்ட பிள்ளை தலையை விரிச்சுப் போட்டு அழும். வசனம் நான் எழுதினது. ஒரு எழுத்து மாத்த விட மாட்டேன். வந்த கூட்டத்துல பாதி தூங்கும். தூங்கினா என்ன, ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்ல.

போன ஜூன் மாசம் ஜெபமலர்னு ஒரு டீச்சர் வந்தாங்க. நாசரேத் பக்கம். சின்னப் பொண்ணு, கெமிஸ்ட்ரி. கெமிஸ்ட்ரி டீச்சருக்கு நாடகத்துல என்னம்மா வேலை? நான் அன்னைக்கே யோசிச்சேன். எச்.எம். அம்மாகிட்டப் போயி, நாடக மன்றத்தை நான் எடுத்துக்கிறேன், இந்திராணி டீச்சருக்கு ஏற்கெனவே வேலை ஜாஸ்தினு சொல்லியிருக்கு. எம்மேல அக்கறையாம். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு மன்றம். முதல் வாரமே என்ன செஞ்சது தெரியுமா? வசனம் இல்ல, பாட்டு இல்ல. பிள்ளைகளை உக்கார வச்சு, ஆளுக்கு ஒரு ஆளைப் பிடிச்சுக்கோங்க, ஒரு வாரம் அவங்களையே பாருங்க, எப்படி நடக்குறாங்க, எப்படி உக்காருறாங்க, கோவம் வந்தா கை எங்க போகுதுன்னு பாருங்க, அடுத்த வெள்ளி அவங்களா மாறி வந்து நில்லுங்க, பேரைச் சொல்லாம நாங்க கண்டுபிடிக்கணும்னு சொல்லிச்சு. இதுதான் பாடம். இதுக்கு என்னம்மா பேரு? வேவு பாக்குறதுன்னு பேரு. படிக்க வந்த பிள்ளைகளுக்கு வேவு பாக்கச் சொல்லிக் குடுக்குது.

மறு வாரம் பூராவும் ஸ்கூலே ஒரு மாதிரி ஆகிப்போச்சு. சத்துணவு அம்மா சோறு போடுறாங்க, எதிர்ல ஒருத்தி தட்டைக் கையில வச்சுக்கிட்டு வாயைத் திறந்து பாத்துக்கிட்டு நிக்கிறா. தமிழ் அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறாங்க, ஜன்னல்ல ஒருத்தி. கிரவுண்டுல ஒரு கருப்பு நாய் படுத்துக் கிடக்கும், அதுக்கு முன்னாடி ஒருத்தி சம்மணம் போட்டு உக்காந்திருக்கா! அவதான் பாண்டிமீனா. ப்ளஸ் டூ. இன்னைக்கு நான் போனேனே, அது அவ வீட்டுக்குத்தான். அப்பா தறி நெய்யுறாரு. அந்தப் பொண்ணுக்கு ஒடம்பு ரப்பர் மாதிரி. யாரைப் பாத்தாலும் அவங்களா ஆயிடுவா. நான் ஒத்துக்கிறேன், திறமைக்காரி. திறமைக்காரிகிட்டத்தான் ஜாக்கிரதையா இருக்கணும்.

அதுக்கப்புறம் நான் லேப் பக்கம் போக ஆரம்பிச்சேன். மழைக்காலம் வந்ததும் மன்றத்தை லேப்புக்கு மாத்திட்டாங்க. ஜன்னலுக்கு வெளிய ஒரு வேப்ப மரம் இருக்கு, அதுக்கடியில நிப்பேன். ஒளிஞ்சு கேட்டேன்னு சொல்லாதீங்க, நிழலுக்கு நின்னேன். மழைக்காலத்துல என்ன நிழல்னு எங்க வீட்டுக்காரர் கேக்குறாரு. அவருக்கு எல்லாத்துலயும் எகத்தாளம்.

உள்ள ஒரே சிரிப்பா இருக்கும். கொல்லுனு சிரிக்கும் பிள்ளைக. என்ன ஏதுன்னு பாப்போம்னு கதவுகிட்டப் போவேன். என் செருப்புச் சத்தம் கேட்டதும் சிரிப்பு பட்டுனு நின்னு போகும். உள்ள போனா எல்லாம் எந்திரிச்சு, தலையைக் குனிஞ்சு, வரிசையா நிக்கும். என்ன சிரிப்புனு கேட்டா ஒண்ணும் இல்ல டீச்சர்னு தரையைப் பாத்துச் சொல்லும். நீங்களே சொல்லுங்க. நான் போனா நிக்குது, நான் வெளிய வந்தா மறுபடி ஆரம்பிக்குது. அப்ப யாரைப் பத்திச் சிரிப்பு? நெருப்பில்லாமப் புகையுமா?

தலை குனியுறது வேற விஷயம், அதைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. அது நான் வச்ச சட்டம். நான் வராண்டாவுல வர்றேன்னா பிள்ளைக பேச்சை நிறுத்தி, சுவரோரமா ஒதுங்கி, தலை குனிஞ்சு நிக்கணும். கிளாஸ்ல பதில் சொன்னாலும் டெஸ்க்கைப் பாத்துத்தான் சொல்லணும். பெரியவங்க கண்ணைப் பாத்துப் பேசுறது திமிரு. எங்க ஸ்கூல்ல வேற எந்த டீச்சருக்கும் அந்த மரியாதை கிடையாது, எச்.எம். அம்மாவுக்கே கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு பொண்ணு என் மூஞ்சியைப் பாத்துட்டுப் பக்கத்துல இருந்தவ காதுல என்னமோ சொல்லிச் சிரிச்சா. நான் பாடத்தை நிறுத்திட்டேன். என்னடி சொன்னேன்னு கேட்டேன், அடிச்சும் கேட்டேன், சொல்லலை. அன்னைக்கு வீட்டுக்குப் போயி கண்ணாடி முன்னாடி நின்னு நின்னு பாத்தேன். மூக்கா, பல்லா, நடையா, எது? இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அந்தச் சிரிப்பு மட்டும் காதுலயே இருக்கு. அதுக்கப்புறம்தான் அந்தச் சட்டம்.

இப்ப எங்க வந்திருக்கோம்? கல்குறிச்சி தாண்டியாச்சா? பாத்துச் சொல்லுங்க, இந்த டிரைவர் வேகத்தைப் பாத்தா பைபாஸ்ல ஓடிடுவான் போல இருக்கு.

விடுங்க. ஜனவரியில ஜெபமலரைக் கூப்பிட்டேன். விழா நெருங்குது, வசனத்தைக் குடுங்க, படிச்சுப் பாக்கணும்னேன். எழுதவே இல்ல டீச்சர், ஒத்திகையிலயே பேசிப் பேசி வந்துடும்னு சிரிக்குது. எழுதாத நாடகம் எங்கயாச்சும் உண்டா? எழுதினா மாட்டிக்குவோம்னு எழுதல. அப்புறம், என்ன நிகழ்ச்சினாச்சும் சொல்லுங்கன்னு பிடிச்சேன். "நம்ம ஸ்கூல்ல ஒரு நாள்" அப்படினு ஒண்ணு போடுறோம் டீச்சர், காலையில மணி அடிக்கிறதுல இருந்து சாயங்காலம் கேட்டைப் பூட்டுற வரைக்கும், நம்ம ஆளுங்க எல்லாரும் வருவாங்க, பல்சுவையா இருக்கும்னு சொல்லிச்சு. எல்லாரும்னா? எல்லாரும்தான் டீச்சர்னுச்சு. சொல்லிட்டு என்னையே ஒரு மாதிரி பாத்துச்சு.

அவ்வளவுதான். எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கலை.

அடுத்து ஒரு குடை. ஒத்திகைக்குப் பிள்ளைக சாமான் கொண்டு வருதுல்ல, அதுல ஒரு கருப்புக் குடை. வளைஞ்ச பிடி. இந்தா பாருங்க, இது மாதிரியே. நான் வெயில், மழை எதுவானாலும் குடை இல்லாம வெளிய காலடி வைக்க மாட்டேன், அது ஊருக்கே தெரியும். அப்ப அந்தக் குடை யாருக்கு? அதோட ஒரு காப்பிக் கலர் வாயில் சேலை. என்கிட்ட ரெண்டு இருக்கு அதே மாதிரி. போதுமா சாட்சி? கோர்ட்டுல குடுத்தாக்கூட ஒத்துக்குவாங்க.

நேரா எச்.எம். அம்மாகிட்டப் போனேன். ஆசிரியைகளைக் கேலி பண்ணப் போறாங்கம்மா, நிறுத்துங்கன்னேன். அவங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க. "பிள்ளைக ஆசையா செய்யுதுக, இந்திராணி டீச்சர். நான் நாற்காலியை முந்தானையால துடைச்சிட்டு உக்காருறதைக் கூடக் காட்டப் போறாளாம் அந்தப் பாண்டிமீனா. எங்கிட்டயே வந்து, செய்யலாமா டீச்சர்னு அனுமதி கேட்டா. எல்லார்கிட்டயும் கேட்டிருக்கா, உங்ககிட்டக் கேக்கலையா?"

கேக்கலை. எங்கிட்ட மட்டும் கேக்கலை. ஏன் கேக்கலை? என்னைய ரொம்ப மோசமாக் காட்டப் போறாங்க, அதான் கேக்கலை. மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்?

மறுநாள் பிரேயர்ல மைக்கைப் பிடிச்சுப் பொதுவாச் சொன்னேன். ஆண்டு விழாவில் யாரையாவது இழிவுபடுத்துவது தெரியவந்தால் அதன் விளைவு வேறு மாதிரி இருக்கும்னு. பிள்ளைக அத்தனையும் தலை குனிஞ்சு கேட்டுச்சுக. பாண்டிமீனாவும் குனிஞ்சுதான் நின்னா. குனிஞ்ச தலைக்குள்ள என்ன ஓடுதுன்னு யாரு கண்டா?

இனி நான் சொல்லப் போறதை யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. நீங்க மதுரைக்குப் போற ஆளு, நமக்குள்ள முன்னப் பின்னப் பழக்கம் இல்ல, அதனால சொல்றேன்.

விழாவுக்கு முந்தின நாள் எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். மில்லுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. இத்தனை வருஷத்துல ஒரு ஆண்டு விழாவுக்கும் அவரை நான் கூப்பிட்டதில்ல. நாளைக்கு வாங்க, என்னைய மேடையில கேலி பண்ணப் போறாங்க, ஒரு சாட்சிக்கு வந்து உக்காருங்கன்னேன். வர்றேன்னாரு. அப்புறம் பீரோவைத் திறந்து அரக்கு பார்டர் போட்ட பட்டுச் சேலையை எடுத்தேன். கண்ணாடி முன்னாடி உக்காந்தேன். என்னைய மாதிரி ஒருத்தி மேடையில வந்ததும் எந்திரிச்சு வெளிய போறதா, இல்ல எச்.எம். அம்மா மாதிரி சிரிச்சுக்கிட்டே உக்காந்திருக்கிறதான்னு யோசிச்சேன். சிரிச்சுப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சும்மா. ரெண்டு மூணு தடவை சிரிச்சுப் பாத்தேன். எங்க வீட்டுக்காரர் கதவோரமா நின்னு பாத்துட்டுப் போயிட்டாரு.

விழா அன்னைக்கு முன் வரிசையில உக்காந்தேன். கலெக்டர் ஆபீஸ்ல இருந்து ஒரு அதிகாரி வந்து பேசினாரு, பரிசு குடுத்தாங்க. அப்புறம் திரை மூடித் திறந்தது. "நம்ம ஸ்கூல்ல ஒரு நாள்."

மணி அடிக்குது. வாட்ச்மேன் வர்றாரு, ஒரு கையால வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு கையால சாவியைத் தேடித் தேடி. கூட்டம் சிரிக்குது. பி.டி. டீச்சர் வர்றாங்க, விசிலை வாயில வச்சுக்கிட்டே பேசுறாங்க, ஒரு வார்த்தையும் விளங்கலை, பிள்ளைகளுக்கு ஈட்டி எறியச் சொல்லிக் குடுக்குறாங்க. ஈட்டி எது தெரியுமா? அந்தக் குடை! சத்துணவு அம்மா வர்றாங்க, காப்பிக் கலர் சேலையை வரிஞ்சு கட்டிக்கிட்டு. அந்தச் சேலை அவங்களுக்காம். தமிழ் அம்மா கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு, கடைசியில கண்ணாடி இல்லாமயே பாடம் நடத்துறாங்க. கணக்கு டீச்சர் போர்டைக் கையாலயே அழிச்சு, அந்தக் கையை மூக்குல வச்சு, வெள்ளை மூக்கோட கோவப்படுறாங்க. நிஜக் கணக்கு டீச்சர் என் பக்கத்துல உக்காந்து கண்ணுல தண்ணி வரச் சிரிக்கிறாங்க. எச்.எம். அம்மாவா பாண்டிமீனா வந்தா. நாற்காலியைத் துடைச்சா, முந்தானையை உதறினா, உக்காந்தா. எச்.எம். அம்மா எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க.

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ அசையுறப்ப எல்லாம், இந்தா வந்துட்டா, இப்ப நான்தான்னு கைப்பை வாரை இறுக்கிப் பிடிச்சேன். சிரிப்பைத் தயாரா வச்சிருந்தேன் ம்மா. வாய் வலிச்சுப் போச்சு.

கடைசியா நாலு காலும் ஊனிக்கிட்டு ஒண்ணு வந்துச்சு. மெதுவா வந்து, மேடை நடுவுல ஒரு சுத்துச் சுத்தி, படுத்து, ஒரு காதை மட்டும் தூக்குச்சு. அந்தக் கருப்பு நாய்! பாண்டிமீனாவேதான். கூட்டம் எந்திரிச்சு விசிலடிக்குது. அப்புறம் வாட்ச்மேன் வந்து கேட்டைப் பூட்டுனாரு. திரை விழுந்தது. நன்றியுரை. தேசிய கீதம்.

நாயைக்கூட நடிச்சாங்கம்மா. நாயைக்கூட. என்னைய விட்டுட்டாங்க.

எல்லாரும் எந்திரிச்சுப் போறாங்க. நான் நாற்காலியிலயே இருக்கேன். கேலி பண்ணலைனு சந்தோஷம்தானே வரணும்? வரலை. நெஞ்சுக்குள்ள யாரோ வழிச்சுத் துடைச்சு எடுத்த மாதிரி இருந்துச்சு. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டும்போது எங்க வீட்டுக்காரர் சொன்னாரு, "உன்னைய எப்பக் காட்டுவாங்க, எப்பக் காட்டுவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் இந்திராணி." நல்லவேளை காட்டலைனு சொன்னேன். அவரு ம்ம்னாரு.

அதோட விட்டேனா? எப்படி விடுறது? எல்லாரையும் காட்டிட்டு ஒருத்தியை மட்டும் காட்டலைனா அதுக்குள்ள ஏதோ இருக்குல்ல? முதல்ல, எனக்குப் பயந்து எடுத்துட்டாங்கன்னு நினைச்சேன். அப்புறம், எடுக்கலை, என்னைய மட்டும் தனியா வேற எங்கயோ நடிச்சுச் சிரிக்கிறாங்கன்னு தோணுச்சு. ஹாஸ்டல்ல இருக்கலாம், ப்ளஸ் டூ பிரிவு உபசார விழாவுல இருக்கலாம். வாட்ச்மேன்கிட்ட விசாரிச்சேன், சத்துணவு அம்மாகிட்ட விசாரிச்சேன். ஒண்ணும் கிடைக்கலை. ஜெபமலரையே மடக்கினேன். "பிள்ளைகளுக்கு வரலை டீச்சர்" அப்படினு மட்டும் சொல்லிட்டு, அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டுச்சு. பாருங்க, அதுவும் குனிஞ்சிடுச்சு.

பரீட்சையும் முடிஞ்சுபோச்சு. பிள்ளைகளும் போயிட்டாங்க. எனக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். இதைத் தெரிஞ்சுக்காம எப்படிம்மா வீட்டுல போயி உக்காருறது? அந்தப் பழைய சிரிப்பையே இன்னும் சுமந்துக்கிட்டு இருக்கேன். இதையும் சேர்த்துச் சுமக்கணுமா? அதான் இன்னைக்கு பாளையம்பட்டியில இறங்கி, வீட்டை விசாரிச்சுப் போயிட்டேன்.

தறிச் சத்தம் தெரு முக்குலயே கேக்குது. என்னைப் பாத்ததும் அவங்க அம்மா பதறிப்போச்சு. பிள்ளை ஏதும் தப்புப் பண்ணிடுச்சான்னு கேக்குது. இல்ல, இந்தப் பக்கம் வந்தேன், சும்மா எட்டிப் பாத்தேன்னேன். நாற்காலி போட்டு, கடைக்கு ஓடி ஒரு கலர் சோடா வாங்கி வந்து உடைச்சுக் குடுத்துச்சு. பாண்டிமீனா உள்ள இருந்து வந்தா. வந்து, நிலைப்படிகிட்ட, தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னா.

அவங்க அம்மா அடுப்படிக்குப் போகட்டும்னு இருந்து, கேட்டுட்டேன். "மீனா, உண்மையைச் சொல்லு. டீச்சர் கோவப்பட மாட்டேன். ஆண்டு விழாவுல என்னைய ஏன் நடிக்கலை? பயமா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப வேற எங்கயாச்சும் நடிச்சீங்களா?"

"சத்தியமா இல்ல டீச்சர். நாங்க முயற்சி பண்ணுனோம். இந்த வருஷத்தோட டீச்சர் போறாங்க, அவங்க கண்டிப்பா இருக்கணும்னு ஜெபமலர் டீச்சர் சொன்னாங்க. நான் பண்ணுனேன், ஐஸ்வர்யலட்சுமி பண்ணுனா, எல்லாரும் பண்ணிப் பாத்தோம். வரலை. வந்தாத்தானே டீச்சர் அனுமதி கேக்க முடியும்?"

"ஏன் வரலை? நாயே வந்துச்சு!"

தறி மட்டும் டக்கு டக்குனு அடிக்குது. அப்புறம் சொன்னா, தரையைப் பாத்துக்கிட்டே. "உங்களை யாரும் பாத்ததில்ல டீச்சர். சத்தம் கேட்டதுமே குனிஞ்சிடுவோம்ல. உங்க செருப்பு தெரியும் டீச்சர். காப்பிக் கலர் செருப்பு, இடது கால் வார்ல ஒரு தையல் போட்டிருக்கும். சேலையோட கீழ் பார்டர் தெரியும். குடையோட முனை தெரியும். அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. செருப்பை வச்சு எப்படி டீச்சர் நடிக்கிறது?"

கலர் பாட்டில் கையில அப்படியே இருக்கு. ஏழு வருஷமா எங்கிட்டப் படிச்ச பொண்ணு ம்மா அவ. ஆறாம் வகுப்புல இருந்து.

"சரி, இப்பப் பாரு"னு சொன்னேன். "நிமிந்து பாரு மீனா. ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவளும் முயற்சி பண்ணுனா. இல்லைன்னு சொல்லக் கூடாது. தலை மெதுவா வந்துச்சு. முந்தானை வரைக்கும் வந்துச்சு, கழுத்து வரைக்கும் வந்துச்சு. அப்புறம் கடகடன்னு கண்ணுல தண்ணி வந்து, மறுபடி கீழ போயிடுச்சு. "வரலை டீச்சர்"ங்குறா. "மன்னிச்சுக்கோங்க டீச்சர்"ங்குறா. அவங்க அம்மா ஓடி வந்து, என்னத்தடி பண்ணித் தொலைச்சேனு அவ முதுகுல ஒண்ணு வச்சுச்சு. நான் குடையை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

இப்ப நினைச்சுப் பாத்தா மரியாதைதானே அது? வேற எந்த டீச்சருக்கு இருக்கு சொல்லுங்க? எல்லாரையும் மேடையில ஏத்திச் சிரிச்சாங்க, என்னையத் தொட முடியலை பாருங்க. அப்படித்தான் எடுத்துக்கணும். இல்ல, அவ பொய் சொல்றாளோ? நடிகை ம்மா அவ, கண்ணீரெல்லாம் அவளுக்கு ஒரு பெரிய விஷயமா? ஜெபமலர் சொல்லிக் குடுத்துச் சொல்லியிருப்பாளோ? ஆனா அந்தத் தையல் நிஜம். போன வருஷம் பஸ் ஸ்டாண்டுல தைச்சது. எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது அது.

"பாத்தா ஏன் பாக்குறேம்ப, பாக்காட்டி ஏன் பாக்கலேம்ப, உன்னைய வச்சு என்னதான் செய்யுறது"ன்னு அவரு அடிக்கடி சொல்லுவாரு. வீட்டுக்குப் போயி இதைச் சொன்னா மறுபடி அதையேதான் சொல்லுவாரு. சொல்லப் போறதில்ல.

அந்தா, ஊருக்குள்ள திரும்புறான். பரவாயில்லை, கண்டக்டர் பொய் சொல்லலை. நான் இறங்கணும். உங்களுக்கு ரொம்ப நேரம் கதை பேசிட்டேன்.

ஏம்மா. ஒரு நிமிஷம். நாளைக்கு உங்க வீட்டுல யாராச்சும், பஸ்ல பக்கத்துல ஒரு டீச்சர் வந்தாங்களாமே, எப்படி இருந்தாங்கன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? சொல்லுங்க, எப்படி இருந்தாங்க? நான் சொன்னேன்தான், பாக்காதீங்கன்னு. நான்தான் சொன்னேன். அது அப்ப. இப்பச் சொல்றேன், பாருங்க. சிரிச்சாலும் பரவாயில்லை, பாருங்க.

அது என்னோட செருப்பு ம்மா. அதுல என்ன இருக்கு? மேல பாருங்க. மேல.